மலை ரோட்டுல பெட்ரோல் செலவைக் குறைக்கிறது எப்படி: குன்னூர்க்காரனோட செய்முறை

பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டினது 2021ல. அந்த வருஷம் நவம்பர்லயும் அடுத்து 2022 மே மாசமும் கலால் வரியைக் குறைச்சாங்க, ஆனா எங்க ஊர் பங்க்ல அதுக்கப்புறமும் நூறுக்கு மேலதான் போட்டுக்கிட்டு இருக்கோம். டேங்கர் லாரி கீழ இருந்து மலை ஏறி வரணும், அந்த வாடகையும் விலையில சேருது, அதனால கோயம்புத்தூரை விட இங்க லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு ரூபா கூடவே இருக்கும். விலை நம்ம கையில இல்ல. எத்தனை லிட்டர் எரியுதுங்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு.

நெட்ல தேடினா வர்ற மைலேஜ் டிப்ஸ் எல்லாம் சமவெளிக்காரங்களுக்கு எழுதினது. "சீரா அறுபதுல போங்க, டாப் கியர்லயே போங்க"ன்னு இருக்கும். கல்லார் தாண்டி ஏற ஆரம்பிச்சா குன்னூர் வர்ற வரைக்கும் செகண்டும் தேர்டும்தான், அங்க அந்த டிப்ஸ் எதுக்கும் உதவாது. அதனால மலைக்குன்னே தனியா எழுதறேன், புதுசா லைசென்ஸ் எடுத்தவங்களுக்கும் புரியணும்னு.

முதல்ல ஒரு கணக்கு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. அப்போ ஊட்டி போறோம்னா ஆளோட சேத்து ஒரு டன் இருக்கற காரை 1,900 மீட்டர் மேல தூக்கறோம்னு அர்த்தம். ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கற சக்தியில எஞ்சின் உருப்படியா வேலைக்குக் குடுக்கறது கால்வாசிதான், மீதி சூடா போயிரும். அப்படி கணக்குப் போட்டா வண்டியைத் தூக்கறதுக்கு மட்டும் 2.3 லிட்டர் கிட்ட ஆகும், ரோட்டுல உருள்றதுக்கு ஆகறது தனி.

இந்த 2.3 லிட்டரை நீங்க எப்படி ஓட்டினாலும் பெருசா குறைக்க முடியாது. மிச்சம் பிடிக்கற இடம் வேற: எறங்கறது, நிக்கறது, சுமக்கற எடை, தேவையில்லாத ட்ரிப். கீழ சொல்றது பூராவும் இதைச் சுத்திதான்.

ஸ்டெப் 1: உங்க வண்டியோட உண்மையான மைலேஜைக் கண்டுபிடிங்க

ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணி, ஓட்டிட்டு வந்து திரும்ப ஃபுல் பண்ணி, கிலோமீட்டரை லிட்டரால வகுக்கறது எல்லாருக்கும் தெரியும். மலையில இதுலயே ரெண்டு சிக்கல் இருக்கு. எனக்கு ரொம்ப நாள் நம்பர் தாறுமாறா வந்துக்கிட்டு இருந்ததும் இதனாலதான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்லிடறேன்.

ஒண்ணு, பங்க்கோட சரிவு. நம்ம ஊர்ல சமதளமா இருக்கற பங்க் கம்மி. வண்டி ஒரு பக்கம் சாஞ்சு நின்னா டேங்க் முழுசா நிறையறதுக்கு முன்னாடியே நாசில் கட் ஆயிரும், இன்னொரு பக்கம் சாஞ்சா கூட ஒரு லிட்டர் போகும். அதனால ரெண்டு தடவையும் அதே பங்க், அதே பம்ப், வண்டி மூஞ்சி அதே திசை. முதல் தடவை தானா கட் ஆன உடனே நிறுத்தச் சொல்லுங்க, ரவுண்டா வரட்டும்னு மேல மேல ஊத்த விடாதீங்க. ரெண்டு ஃபில்லுக்கும் நடுவுல 15 லிட்டராவது எரிஞ்சிருக்கணும், அஞ்சு லிட்டர்ல கணக்குப் பார்த்தா அரை லிட்டர் தப்பே பத்து சதவீதம் ஆயிரும்.

ரெண்டாவது, ஏத்தமும் எறக்கமும். மேட்டுப்பாளையத்துல ஃபுல் பண்ணி குன்னூர்ல திரும்ப ஃபுல் பண்ணினா உங்க வண்டி 9 குடுக்குதுன்னு வரும். எறங்கிப் போய் கீழ ஃபுல் பண்ணினா 40ன்னு வரும். ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா 24.5, சரி நம்ம வண்டி பரவால்லன்னு தோணும். அது தப்பு. ஒரு வழி 36 கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. ஏற 4 லிட்டர், எறங்க 0.9 லிட்டர், மொத்தம் 72 கிலோமீட்டருக்கு 4.9 லிட்டர், அதாவது 14.7. இதுதான் உங்க மைலேஜ். பத்து கிலோமீட்டர் வித்தியாசம்! அதனால எங்க ஆரம்பிச்சீங்களோ அங்கயே வந்து முடிங்க, மேல ஏறின உயரம் எல்லாம் எறங்கி சமன் ஆகியிருக்கணும். அதே பங்குக்குத் திரும்பி வந்தா இது தானா நடந்துரும்.

ஆப் எல்லாம் இருக்கு, ஆனா நான் டேஷ்போர்டு டப்பாவுல ஒரு சின்ன நோட்டும் பேனாவும்தான் வச்சிருக்கேன். பங்க்ல வரிசையில நிக்கும்போது சிக்னல் இருக்காது, ஆப் திறக்கறதுக்குள்ள பின்னாடி ஹாரன் அடிப்பாங்க. நோட்டுல தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபா, அந்த மாசம் மழையா சீசனாங்கறது ஒரு வார்த்தை, அவ்வளவு போதும்.

ஸ்டெப் 2: எறங்கும்போது கியர்லயே எறங்குங்க

நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்ங்கற பேச்சு இன்னும் ஓயல. இன்ஜெக்‌ஷன் வண்டியில, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடற இப்போதைய வண்டியில, அது தலைகீழ். கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீங்கன்னா, சக்கரமே எஞ்சினைச் சுத்துது, அதனால கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிரும், பெட்ரோல் சொட்டு கூட போகாது. ஆர்பிஎம் ஐடிலிங் பக்கத்துல வர்ற வரைக்கும் அப்படித்தான். நியூட்ரல்ல போட்டா எஞ்சின் அணையாம இருக்கறதுக்காகவே பெட்ரோல் குடிக்கும், சின்ன காருக்கே மணிக்கு அரை லிட்டருக்கு மேல.

நம்பிக்கை இல்லைன்னா நீங்களே பாருங்க. மீட்டர்ல அந்தந்த நேர மைலேஜ் காட்டற டிஸ்ப்ளே இருந்தா, எறக்கத்துல கியர்ல காலை எடுத்தவுடனே முள்ளு கடைசி வரைக்கும் போய் நிக்கும். இதை ரோட்டைப் பாத்து ஓட்டற நீங்க பார்க்க வேணாம், பக்கத்துல உக்காந்திருக்கறவங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க.

பெட்ரோலை விடுங்க, பிரேக்கை நினைங்க. நியூட்ரல்ல எறங்கினா வண்டியைப் பிடிக்கற வேலை முழுக்க பிரேக்கோடது. பர்லியார் பக்கம் வரும்போது பிரேக் கருகற வாசனை அடிக்கறது வெளியூர் வண்டிங்க பின்னாடி போனவங்க எல்லாருக்கும் தெரியும். பேட் சூடாகி, பிரேக் ஆயில் கொதிச்சு, மிதிச்சா பெடல் உள்ள போகும், வண்டி நிக்காது. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு எறங்கறவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க. எஞ்சின் நின்னா பிரேக் பூஸ்டர் ஒண்ணு ரெண்டு மிதிக்கு மேல வேலை செய்யாது, பவர் ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிரும், சாவியைக் கூடத் திருப்பிட்டா ஸ்டியரிங் லாக்கே ஆயிரும். சில நூறு ரூபாய்க்கு உயிரை வைக்கக் கூடாது.

எந்த கியர்னு கேட்டா, அந்த ரோட்டுல ஏற எந்த கியர் வேணுமோ அதே கியர். காட் ரோட்டுல செகண்ட், எறக்கம் லேசா இருக்கற இடத்துல தேர்டு. ஊட்டியில இருந்து மசினகுடிக்கு எறங்கற கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி, அங்க செகண்டுக்கு மேல யோசிக்கவே வேணாம், சில இடம் ஃபர்ஸ்ட். எஞ்சின் சத்தம் கூடறதைப் பார்த்து பயப்படாதீங்க, சத்தம் வந்தாலும் பெட்ரோல் போகல. ஆட்டோமேட்டிக் வச்சிருக்கறவங்க மேனுவல் மோடுக்கோ எல் பொசிஷனுக்கோ மாத்திக்கங்க, டி-யிலேயே விட்டா அது மேல் கியருக்குப் போயிரும்.

ஸ்டெப் 3: ஏத்தத்துல நிக்காம பாத்துக்கங்க

ஏத்தத்துல நின்னு கிளம்பறதுதான் பெட்ரோலையும் க்ளட்ச்சையும் சேத்து தின்னுது. ஹேர்பின்னுக்கு மேல பஸ் எறங்கறது தெரிஞ்சா முட்டிக்கிட்டு போய் வளைவுக்குள்ள நிக்காதீங்க, முன்னாடியே வேகத்தைக் குறைச்சு மெதுவா உருட்டிக்கிட்டே வந்தா பஸ் திரும்பிப் போனப்புறம் நிக்காமலே போயிரலாம். நீங்க எறங்கற பக்கம் இருந்தா ஏறி வர்றவங்களுக்கு வழி விடுங்க, குறுகலான மலை ரோட்டுல ஏற்ற வண்டிக்குத்தான் முன்னுரிமைன்னு சட்டமே சொல்லுது, அவங்க பெட்ரோலும் பெட்ரோல்தானே.

நின்னே ஆகணும்னா ஹேண்ட் பிரேக். அரை க்ளட்ச்லயும் ஆக்சிலேட்டர்லயும் வண்டியைப் பிடிச்சு வைக்கற பழக்கம் புதுசா ஓட்டறவங்க எல்லாருக்கும் வரும். க்ளட்ச் ப்ளேட் மாத்தறதுக்கு ஆகற காசுல பல மாசம் பெட்ரோல் போடலாம். காலியான ஒரு சரிவுல ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளம்பறதைப் பழகிக்கங்க, பின்னாடி உருளாம வந்துரும்.

மே மாசம் மலர்க் கண்காட்சி சமயத்துல ஜாம்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல நகராதுன்னு தெரிஞ்சா ஆஃப் பண்ணிருங்க. சீசன்ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வழியா ஏத்தி விட்டு கோத்தகிரி வழியா எறக்குவாங்க, அதைப் பாத்து கிளம்பற நேரத்தை மாத்திக்கங்க. நான் சீசன்ல காலை ஏழு மணிக்கு மேல காரை வெளிய எடுக்கறதே இல்ல.

ஸ்டெப் 4: எடையும் காத்தும்

முதல்ல போட்ட கணக்கையே திரும்பப் பாருங்க. நூறு கிலோ கூட ஏத்தினா ஊட்டி ஏற கால் லிட்டர் கிட்ட கூட ஆகுது. டிக்கியில வருஷக்கணக்கா கெடக்கற உர மூட்டை, பழைய பேட்டரி, யாரும் பயன்படுத்தாத கூரை கேரியர் எல்லாத்தையும் எறக்கி வைங்க. ஸ்டெப்னியை மட்டும் எறக்காதீங்க.

கீழ போனா அங்கயே ஃபுல் பண்ணிட்டு வரலாமா, அந்த எடையும் ஏறணுமேன்னு சிலர் கேட்டாங்க. 35 லிட்டர் பெட்ரோல் 26 கிலோ இருக்கும், அதைத் தூக்க ஆகறது ஆறு ஏழு ரூபா, விலை வித்தியாசத்துல மிச்சம் அதை விட கூட. வேற வேலையா போனா போட்டுட்டு வாங்க. அதுக்குன்னே எறங்காதீங்க.

டயர் காத்துல ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும்: கீழ அடிச்ச காத்து மேல வந்தா கூடுமா குறையுமா? உயரம் போகப் போக வெளிக்காத்தோட அழுத்தம் குறையறதால கேஜ்ல மூணு பிஎஸ்ஐ கூடணும். ஆனா கீழ 32 டிகிரி வெயில், மேல 15 டிகிரி குளிர், அந்தக் குளிர்ல டயர் உள்ள அழுத்தம் கிட்டத்தட்ட அதே அளவு எறங்கிரும். ரெண்டும் அடிச்சுப் போய் நம்பர் பெருசா மாறாது. அதனால மேல வந்து காத்தை எறக்கறதும் வேணாம், கீழ போய் ஏத்தறதும் வேணாம். கதவுக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கற அளவை, காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் ஆறியிருக்கும்போது வச்சா போதும். கேஜ் சொந்தமா ஒண்ணு வாங்கிக்கங்க, பேட்டரி இல்லாத முள்ளு கேஜ்தான் என் சிபாரிசு, நம்ம ஊர் ஈரத்துல டிஜிட்டல் சீக்கிரம் போயிருது.

ஸ்டெப் 5: குளிர் எஞ்சினும் சின்ன ட்ரிப்பும்

டிசம்பர், ஜனவரியில உறைபனி விழற காலையில எஞ்சின் சூடாகற வரைக்கும் பெட்ரோலைக் கூடவே இழுக்கும். பத்து நிமிஷம் நிக்க வச்சு உறும விட வேணாம், அரை நிமிஷம் போதும், அப்புறம் முதல் ரெண்டு கிலோமீட்டர் மென்மையா ஓட்டினா அதுவே சூடாயிரும். பால், மருந்து, ரேஷன்னு தனித்தனியா மூணு தடவை போறதை ஒரே சுத்தா மாத்தினா எனக்கு நோட்டுல தெரிஞ்ச மிச்சம் மத்த எல்லாத்தையும் விட பெருசு.

வீட்டுல பெண்கள் இருந்தா விடியல் பயணத்தை, அதாவது பெண்களுக்கான இலவச பஸ்ஸை, மறந்துராதீங்க, 2024-25 தமிழக பட்ஜெட்டுல மலைப் பகுதிக்கும் கொண்டு வந்தாங்க.

ஏசி நமக்கு தேவைப்படறதே இல்ல, ஒரே ஒரு நேரம் தவிர. மூடுபனியில கண்ணாடி உள்பக்கம் வேர்த்துட்டா ஏசி போட்டாதான் காத்து காஞ்சு வந்து தெளியும். அப்போ பெட்ரோலைப் பார்க்காதீங்க.

அப்டேட்: இ20 பெட்ரோல்

"இதெல்லாம் பண்ணியும் போன வருஷ நம்பரை விட குறையுது"ன்னு சிலர் சொன்னாங்க. இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனால்ல லிட்டருக்கு மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால சும்மா கணக்குப் பாத்தாலே எத்தனால் கலக்காத பெட்ரோலை விட ஆறு சதவீதத்துக்கு மேல சக்தி குறையுது, எவ்வளவு மைலேஜா தெரியுதுங்கறது வண்டிக்கு வண்டி மாறும். பழைய நோட்டு நம்பரோட ஒப்பிடாம, புதுசா ஒரு தடவை ஸ்டெப் 1 பண்ணிட்டு அதுல இருந்து பாருங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால மழை மாசத்துல வண்டியை வாரக்கணக்குல நிறுத்தி வைக்கறவங்க டேங்கைக் காலியா விடாதீங்க.

இன்னொரு அப்டேட்: கார்புரேட்டர் வண்டிங்க

எஸ்டேட் பக்கம் ஓடற பழைய ஜீப்பு, பழைய ஸ்கூட்டர் வச்சிருக்கறவங்க "இதெல்லாம் எங்க கார்புரேட்டர் வண்டிக்கும் பொருந்துமா"ன்னு கேட்டது நியாயமான கேள்வி. ஸ்டெப் 2ல சொன்ன பெட்ரோல் நிக்கற விஷயம் இன்ஜெக்‌ஷனுக்குத்தான், கார்புரேட்டருக்கு இல்ல. ஆனாலும் ஜீப்பை கியர்லயே எறக்குங்க, பிரேக்குக்காக. அதோட ஊட்டி உயரத்துல காத்து கம்மி, கீழ ட்யூன் பண்ணின கார்புரேட்டர் அதே பெட்ரோலை விட்டுக்கிட்டே இருக்கும், கறுப்புப் புகை வரும், மைலேஜ் விழும். மேல ஓடற வண்டியை மேல இருக்கற மெக்கானிக்கிட்டயே ட்யூன் பண்ணுங்க. கியர் இல்லாத ஸ்கூட்டர்ல எஞ்சின் பிடிப்பு கம்மி, நீளமான எறக்கத்துல முன் பின் பிரேக் ரெண்டையும் மாத்தி மாத்தி விட்டு விட்டுப் பிடிங்க, நடுவுல ஒரு டீக்கடையில நிறுத்தி ட்ரம்மை ஆற விடுங்க.