குடியை விட்டால் பரிசுச் சீட்டு: கவுன்சிலர்களைப் பழக்குவது எப்படி?

கேரளத்தின் பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து குடிநோய் மையங்களுக்குப் புதிதாக வரும் கவுன்சிலர்களைப் பழக்குவது என் வேலை. குடிக்காமல் வருபவர் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்துப் பரிசு வாங்கும் வெகுமதி முறையைச் சொல்லத் தொடங்கியதுமே யாராவது கேட்பார்கள்: "குடிக்காம இருக்கறதுக்குப் பரிசா மேடம்? இது லஞ்சம் இல்லையா?" பயிற்சி தருகிறவர் இந்தக் கேள்வியை அமுக்கக் கூடாது. அரை நாள் இதற்கே போனாலும் போகட்டும். மனசுக்குள் லஞ்சம் என்று நினைப்பவர் பரிசை நீட்டும்போதே முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் சொல்லும் பதில் இது. குடித்தால் கிக் அரை மணியில் வந்துவிடும். குடியை விட்டால் கல்லீரல் தேறவும் மனைவி முகம் கொடுத்துப் பேசவும் மாதங்கள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க உடனே கைக்கு ஏதாவது வர வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் உளவியலாளர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ், கொக்கேய்ன் பழக்கத்தை விடுபவர்களுக்குப் பொருள் வாங்கும் வவுச்சர் கொடுத்துப் பலன் கண்டார். அதைச் செலவு குறைந்த சீட்டுக் குலுக்கலாக மாற்றியவர் இன்னொரு உளவியலாளர் நான்சி பெட்ரி. 2000-ல் வெளிவந்த அவருடைய ஆய்வு குடிநோயாளிகளிடமே நடந்தது.

பிறகு சீட்டுக் கிண்ணத்தை நடுவில் வையுங்கள். வழக்கமான கணக்கில் 500 சீட்டு: 250-ல் வெறும் பாராட்டு, 209-ல் சின்னப் பரிசு, 40-ல் பெரிய பரிசு, ஒன்றே ஒன்றில் ஜம்போ, அதாவது எல்லாவற்றிலும் பெரிய பரிசு. கவுன்சிலர்களே எடுத்துப் பார்க்கட்டும். இங்கே 'சபாஷ்' என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுகிறோம்; சிலருக்கு இரண்டில் ஒன்றுதான் வாசிக்க வரும். பரிசு அலமாரியில் குடை, டார்ச், பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக், மொபைல் ரீசார்ஜ். என்ன வேண்டும் என்று நோயாளிகளிடமே கேட்டு வாங்குங்கள். ரொக்கம் வேண்டாம். லாட்டரி டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

லாட்டரிப் பேச்சு இங்கே எப்படியும் வரும். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை. கேரளாவில் அரசே நடத்துகிறது, எல்லை தாண்டினால் முதல் கடையிலேயே தொங்கும். நம் குலுக்கலுக்கு யாரும் காசு கட்டுவதில்லை. இதனால் சூதாட்டம் கூடுவதில்லை என்று பெட்ரியின் குழு ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஏற்கெனவே சூதாட்டச் சிக்கல் உள்ளவரைக் குலுக்கலில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது பரிசோதனை. ஊதும் மெஷின் சில மணி நேரத்துக்குள் குடித்ததைத்தான் காட்டும். முந்தின நாள் மாலை குடித்தவர் காலையில் சுத்தமாக ஊதிவிடலாம். சிறுநீரில் ஈடிஜி (மது உடலில் மாறி உண்டாகும் பொருள்) பார்த்தால் ஓரிரு நாள் முன்னால் குடித்ததும் தெரியும், ஆனால் சின்ன மையத்துக்குக் கட்டுபடியாகாது. அப்படிப்பட்ட இடத்தில் தவறாமல் வருவதற்கும், நர்ஸ் முன்னால் டாக்டர் தந்த மாத்திரையை விழுங்குவதற்கும் சீட்டு கொடுங்கள். "கள்ளு தானுங்க குடிச்சேன்" என்று பக்கத்துச் சித்தூர்த் தோப்புக்காரர் வாதாடுவார். மெஷினுக்குக் கள்ளும் பிராந்தியும் ஒன்றுதான். இன்னொன்று: தினமும் குடித்தவர் டக்கென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டர், அப்புறம்தான் கிண்ணம்.

கவுன்சிலர்கள் தடுமாறுவது விதியில்தான். தொடர்ந்து சுத்தமாக வந்தால் முதல் தடவை ஒரு சீட்டு, அடுத்து இரண்டு, மூன்று என்று ஏறும். ஒருமுறை குடித்துவிட்டு வந்தால் அன்று சீட்டு கிடையாது. அடுத்த சுத்தமான நாளில் மறுபடி ஒன்றிலிருந்து. "பாவம், இந்த ஒரு தடவை" என்று இரங்கினாலும் கெட்டது, திட்டினாலும் கெட்டது. அதனால் இரண்டு இரண்டு பேராக நடிக்க வையுங்கள். ஒருவர் குடித்துவிட்டு வந்து அழட்டும். மற்றவர் ரிசல்ட்டைச் சொல்லி, "இன்னிக்கு சீட்டு இல்லைங்க அண்ணா. வியாழக்கிழமை சுத்தமா வந்தா ஒண்ணு எடுக்கலாம், வாங்க" என்று முடிக்க வேண்டும். உபதேசம் வாயில் வந்துவிடும். வந்தால் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் இதில் அதிக நேரம் பிடிக்கும்.

பயிற்சி முடிந்ததும் அனுப்பிவிடாதீர்கள். நோயாளியின் சம்மதத்தோடு முதல் சில அமர்வுகளை ரெக்கார்ட் செய்து கேளுங்கள். ரிசல்ட் சொன்னாரா, அடுத்த முறை எத்தனை சீட்டு என்று சொன்னாரா, பாராட்டினாரா என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். பொங்கல், விஷு, ஓணம் மூன்றுக்கும் இங்கே ஊர் காலியாகும். சொல்லாமல் வராத நாள் குடித்த நாளாகவே கணக்காகும் என்பதால், அந்த வாரத்துப் பரிசோதனைத் தேதிகளை முன்கூட்டியே மாற்றி, அட்டையில் எழுதிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.