வேலையில் இருந்துகொண்டே விமானம் ஓட்டக் கற்பது எப்படி

விமானம் ஓட்டக் கற்பதற்குக் குறைந்தபட்ச வயது உண்டு. உச்ச வயது வரம்பு கிடையாது. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, தனியார் விமானி உரிமம் பெற 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்களைத் தடுக்கக்கூடியவை உடல்நிலை, பணம், நேரம் ஆகிய மூன்றும்தான். உடல்நிலையை மருத்துவர் சொல்லிவிடுவார், பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், ஆனால் நேரத்தைத்தான் பலரும் தவறாக மதிப்பிடுகிறார்கள். குடும்பமும் வேலையும் உள்ளவர்கள் பயிற்சியைப் பாதியில் கைவிடுவதற்குத் திறமைக் குறைவைவிட, இரண்டு பாடங்களுக்கு நடுவே விழும் நீண்ட இடைவெளியே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

முதலில் எதற்காகக் கற்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். சொந்த மகிழ்ச்சிக்காகவோ குடும்பத்தை அழைத்துச் செல்வதற்காகவோ என்றால் தனியார் விமானி உரிமம் போதும். அதை வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்ட முடியாது. ஊதியம் பெற வேண்டுமானால் வணிக விமானி உரிமம் தேவை. அதற்கு 18 வயதும், பொதுவாக 200 மணி நேரப் பறத்தலும், அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியாக இருந்தால் 150 மணி நேரமும் வேண்டும். பெரிய பயணிகள் விமானங்களில் தலைமை விமானியாக அமர்வதற்கான உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் தேவை. பன்னாட்டு வணிகப் போக்குவரத்தில் இரு விமானிகள் ஓட்டும் விமானங்களுக்கு 65 என்ற வயது வரம்பு இருப்பதால், நாற்பதுகளின் நடுவில் இதைத் தொழிலாக்க நினைப்பவர் எஞ்சியிருக்கும் ஆண்டுகளையும் செலவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

கட்டணம் எதையும் கட்டுவதற்கு முன் மருத்துவச் சான்றிதழைப் பெற்றுவிடுங்கள். தனியார் உரிமத்துக்கு இரண்டாம் வகுப்புச் சான்றும் வணிக உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்றும் தேவை. பின்னாளில் வணிக உரிமம் வேண்டும் என்ற எண்ணம் சிறிதேனும் இருந்தால், முதல் வகுப்புச் சோதனையையே தொடக்கத்தில் செய்துகொள்வது நல்லது. நூறு மணி நேரம் பறந்த பிறகு நிறப்பார்வைக் குறை இருப்பது தெரியவந்தால் அந்தச் செலவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். கண்ணாடி அணிவது பெரும்பாலும் தடையல்ல. தனியார் விமானியின் சான்று பன்னாட்டு நெறிப்படி 60 மாதங்கள் வரை செல்லும், 40 வயதைக் கடந்தால் 24 மாதங்களாகக் குறையும். பழைய அறுவை சிகிச்சைகள், தினமும் உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றின் ஆவணங்களை எடுத்துச் செல்லுங்கள், எதையும் மறைக்காதீர்கள். சளிக்கு எடுத்துக்கொள்ளும் சாதாரண மாத்திரை கூட உறக்கம் தருமானால் அன்று பறக்கக் கூடாது.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விமானங்களின் பளபளப்பைப் பார்க்காமல், எத்தனை மாணவர்களுக்கு எத்தனை விமானங்கள் உள்ளன, ஒரு விமானம் பராமரிப்புக்குப் போனால் உங்கள் வகுப்பு எத்தனை நாள் தள்ளிப்போகும், ஒரே பயிற்றுநர் தொடர்ந்து இருப்பாரா என்று கேளுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கும் இடத்தில் தயங்குவதில் தவறில்லை. பன்னாட்டு நெறி தனியார் உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 40 மணி நேரம் கேட்கிறது, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் 35. வார இறுதிகளில் மட்டும் பறப்பவர் இதற்குள் முடிப்பது அரிது என்பதால், 60 மணி நேரத்துக்குப் பணத்தைத் திரட்டிய பிறகே தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை என்று சில மாதங்களில் முடிப்பவர், மாதத்துக்கு ஒரு முறை பறப்பவரைவிட மொத்தத்தில் குறைவாகவே செலவழிப்பார். ஏனெனில் இரண்டாமவர் ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரத்தை மறந்ததை மீட்பதற்கே கொடுக்கிறார்.

வான் சட்டம், வானிலை, வழிகாணல், பறத்தலின் இயற்பியல், மனிதத் திறனும் அதன் எல்லைகளும், ரேடியோ உரையாடல் முதலிய எழுத்துத் தேர்வுப் பாடங்களைப் பறக்கும் வகுப்புகள் தொடங்கும் முன்னரே பாதியாவது படித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மனப்பாடம் கடினமாக இருக்கலாம், ஆனால் காரணம் புரிந்தால் அவர்கள் மறப்பதில்லை. வீட்டு நாற்காலியில் அமர்ந்து, கண்ணை மூடி, செக்லிஸ்டை வாய்விட்டுச் சொல்லி, கைகளை அந்தந்த விசைகளுக்குக் கொண்டுபோய்ப் பழகுவது காசில்லாத பயிற்சி; இடைவெளியை நிரப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதல் நாள் ஓடுதளத்தில் உங்களைக் குழப்பப்போவது கார் ஓட்டிய பழக்கம். தரையில் விமானத்தைத் திருப்புவது கால்களிலுள்ள பெடல்கள். கையிலுள்ள கட்டுப்பாட்டுச் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் விமானம் வளைந்து போகாது. வானில் ஏறியபின் இன்னொரு பழக்கம் தலைகாட்டும். விமானம் கீழே இறங்குவதுபோலத் தோன்றியவுடன் கை தானாகவே விமானத்தின் மூக்கை மேலே இழுக்கும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சாதாரணச் சிறு விமானத்தில் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தால் காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பிலிருந்து பிரிந்து தூக்குவிசை குலைகிறது. இதையே ஸ்டால் என்கிறார்கள். இன்ஜின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மீள்வதற்கு மூக்கைத் தாழ்த்த வேண்டும், அதாவது உள்ளுணர்வுக்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். போதுமான உயரத்தில் பயிற்றுநருடன் இதைப் பல முறை செய்து, கை தானாக முன்னோக்கிப் போகும்வரை பழகுங்கள்.

தரையிறக்கத்தில்தான் பெரும்பாலான மாணவர்கள் தேங்கிப்போகிறார்கள். கண்ணை விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே உள்ள தரையில் வைத்தால் உயரம் புரியாது. ஓடுபாதைக்கு மேல் வந்ததும் பார்வையை அதன் மறுமுனைக்கு நகர்த்துங்கள், தரை இருபுறமும் எழும்பி வருவது ஓரப்பார்வையில் தெரியும். அதன்பின் சக்கரத்தைத் தரையில் வைக்க முயலாமல், விமானத்தைச் சில அடி உயரத்திலேயே நிறுத்திவைக்கப் பாருங்கள். வேகம் குறையக் குறைய அது தானே அமர்ந்துவிடும். அணுகும் வேகம் கூடினாலும், காற்று பக்கவாட்டில் தள்ளினாலும், மனத்துக்குச் சரியாகப் படவில்லையென்றாலும் இன்ஜினுக்கு முழு விசை கொடுத்து மீண்டும் ஏறிவிடுங்கள். அப்படி ஏறுவதை அவமானமாகக் கருதும் மாணவரே ஆபத்தானவர். பத்து வகுப்புகளாக முன்னேற்றமே இல்லையென்றால் ஒரு வகுப்பை வேறு பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

தனியே பறக்கும் நாளைப் பயிற்றுநரே தீர்மானிப்பார், அதை நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அவர் இறங்கியதும் எடை குறைவதால் விமானம் எதிர்பார்த்ததைவிட விரைவாக எழும். அடுத்து ஊர் விட்டு ஊர் செல்லும் தனிப் பயணங்கள்: மொத்தம் 10 மணி நேரத் தனிப் பறத்தலில் 5 மணி நேரம் இவ்வகை, அதில் ஒரு பயணம் 270 கிலோமீட்டருக்குக் குறையாமல் இரு வேறு விமான நிலையங்களில் இறங்கி எழுவதாக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் வானிலையே உண்மையான தேர்வு. 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சியில்லாத 20 விமானிகளை மேகத்துக்குள் இருப்பதுபோன்ற நிலையில் ஓட்டச் சொன்னபோது ஒவ்வொருவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக 178 வினாடிகளில். எனவே மேகம் தாழ்ந்திருந்தால் திரும்பிவிடுவது என்ற முடிவைத் தரையிலேயே எடுத்துக்கொண்டு செல்லுங்கள். மறுநாள் அலுவலகம் போயாக வேண்டும் என்ற அவசரம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம்.

இறுதித் தேர்வில் தேர்வாளர் முதலில் வாய்மொழியாகக் கேட்பார், பிறகு உடன் பறப்பார். தெரியாததை ஊகித்துச் சொல்வதைவிட, எந்தக் கையேட்டில் தேடுவீர்கள் என்று காட்டுவது மேல். உரிமம் கிடைத்த பின்னும் இடைவெளி பின்தொடரும்: பயணியை ஏற்றுவதற்கு முந்தைய 90 நாட்களில் மூன்று முறை எழுந்து தரையிறங்கியிருக்க வேண்டும் என்று பல நாடுகள் விதிக்கின்றன. அந்த எண்ணிக்கை, பறத்தலைப் பதியும் லாக்புக்கில் இருந்தாலும், ஒரு மாதம் பறக்காமலிருந்தால் குடும்பத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் பயிற்றுநருடன் சுற்றிவிட்டு வாருங்கள்.