ஜோஹானஸ்பர்க் குளிரில் குதிகால் வெடித்தால்

கடலோர டர்பன் நகரின் ஈரக்காற்றில் அம்மாவின் கால் நன்றாக இருந்தது. ஜோஹானஸ்பர்க்கின் லெனேசியா பகுதிக்கு வந்ததும், ஜூலை குளிர்கால வறட்சியில் குதிகால் வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர சாதாரணமாக 4 வாரத்துக்கு மேல் ஆகும். வரும் வழியில் டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்ற நொதி புரதங்களைப் பிணைத்து, செல்லுக்கு உறுதியான உறை கட்டுகிறது. அப்புறம் காலிக்ரீன் நொதிகள் செல்களுக்கு இடையிலான பிடிப்பை வெட்டி உதிர்க்கின்றன. அந்த வேலைக்கு ஈரம் வேண்டும். காய்ந்தால் செத்த செல்கள் அடுக்கடுக்காகத் தங்கிவிடும், தடித்த அந்தத் தோல்தான் வெடிக்கிறது.

சர்க்கரை நோய் இருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ முதலில் கிளினிக். மற்றவர்கள் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் கால் வையுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம். ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் 10 சதவீத யூரியா கிரீம் தடவிப் பருத்திக் காலுறை போடுங்கள். ஆழமான வெடிப்பில் அது எரியும், அங்கே வாசலின் போதும்.