தோற்கும் அணிக்கு யாரை வாங்கலாம்? என்பிஏ பருவ இடைவெளியை எடைபோடப் பழகும் முறை

பிளேஆஃப் எனப்படும் இறுதிக்கட்டச் சுற்றுக்கான வாய்ப்பை இழந்த என்பிஏ (அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்) அணிகளுக்கு ஏப்ரல் நடுப்பகுதியில் ஆட்டங்கள் முடிந்துவிடும். ஆனால் அந்த அணிகளின் ரசிகர்களுக்குள் வாக்குவாதம் சூடுபிடிப்பது அதன் பிறகுதான். யாரை அனுப்பலாம், யாரை வரவழைக்கலாம், புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த இளைஞனை எடுக்கலாம் என்று ஜூன், ஜூலை முழுவதும் பேசித் தீர்ப்பார்கள். கூடைப்பந்தை ஓரளவு ரசிக்கத் தெரிந்தும் இந்தப் பேச்சு மட்டும் பிடிபடாத புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் முறைக்குத் தேவையானவை ஒரு குறிப்பேடும் கொஞ்சம் பொறுமையும்தான். வீரரின் பெயரைக் கடைசியாகவும், அவருடைய ஒப்பந்தத்தை முதலாவதாகவும் பார்க்கப் பழகுவதே இதன் சாரம்.

பயிற்சிக்கு 2024ஆம் ஆண்டின் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். 1989, 1990, 2004 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்ற அந்த அணி, 2023-24 பருவத்தில் 82 ஆட்டங்களில் 14இல் மட்டுமே வென்றது. இடையில் 28 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்று, ஒரே பருவத்தில் அதுவரை எந்த அணியும் சந்தித்திராத தொடர் தோல்வியைச் சந்தித்தது. 2023 டிசம்பர் 30 அன்று டொராண்டோவை 129-127 என்ற கணக்கில் வென்ற பிறகுதான் அது நின்றது. விளைவு நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், நம் கணக்கு எங்கே சரியாக வந்தது, எங்கே பிசகியது என்று சரிபார்த்துக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முதல் படி: அணியின் கணக்கேட்டை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கும் எதிரே அவருடைய வயது, ஆண்டுச் சம்பளம், ஒப்பந்தம் முடியும் ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பிறகு மொத்தச் சம்பளத்தைக் கூட்டி, அந்த ஆண்டின் ஊதிய உச்சவரம்போடு ஒப்பிடுங்கள். 2024-25 பருவத்தில் அந்த வரம்பு சுமார் 14.06 கோடி டாலர். ஐபிஎல் ஏலத்தின் தொகை வரம்பு போன்றதுதானே என்று நினைத்துவிட வேண்டாம். தன் சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்வதற்காக என்பிஏ அணி ஒன்று அந்த வரம்பைத் தாண்டிச் செல்ல முடியும், ஆனால் தாண்டிய பிறகு வெளியிலிருந்து ஆள் எடுக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். அதற்கும் மேலே, சுமார் 17.08 கோடியில், தாண்டினால் அணி கட்ட வேண்டிய ஆடம்பர வரியும், சுமார் 18.89 கோடியில் 'இரண்டாம் ஏப்ரன்' எனப்படும் கடுமையான கோடும் இருந்தன.

டெட்ராய்டின் தாளை இப்படி எழுதினால் இரண்டு செய்திகள் உடனே கண்ணில் படும். அந்த அணி உச்சவரம்புக்கு வெகு கீழே இருந்தது. ஏனெனில் முக்கிய வீரர்கள் பெரும்பாலும், டிராஃப்டில் தேர்வானவர்களுக்கு முதலில் கிடைக்கும் புதுமுக ஒப்பந்தத்திலேயே இருந்தார்கள். 2021 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான கேட் கன்னிங்ஹாம் 2024 ஜூலையில் குறைந்தது 22.4 கோடி டாலர் மதிப்புள்ள ஐந்தாண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டாலும், அந்தப் புதிய சம்பளம் 2025-26இல்தான் தொடங்கும். ஆகவே தாராளமாகச் செலவிட ஒரே ஒரு கோடைக்காலம் கையில் இருந்தது. (பயிற்சியாளர் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. ஆறாண்டு ஒப்பந்தத்தில் வந்த மான்டி வில்லியம்ஸை ஓராண்டிலேயே அனுப்பியது உரிமையாளரின் பணப்பையைப் பாதித்ததே தவிர, வீரர்களுக்கான இடத்தைப் பாதிக்கவில்லை.)

இரண்டாம் படி: குறையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

'எல்லாமே சரியில்லை' என்பது 14 வெற்றி பெற்ற அணியைப் பற்றி இயல்பாக எழும் எண்ணம்தான். ஆனால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. என் குறிப்பேட்டில் நான் எழுதிய வாக்கியம் இது: 'கன்னிங்ஹாம் வளையத்தை நோக்கிப் பந்துடன் நுழையும்போது, வெளியே நிற்பவர்களை எதிரணி காவல் காக்க வேண்டிய அவசியமே இல்லை.' 2023இல் தேர்வான ஆசர் தாம்சன் தடுப்பாட்டத்தில் அபாரமானவர் என்றாலும், தம் முதல் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி வீச்சுகளில் 18.6 விழுக்காடு மட்டுமே வளையத்துக்குள் சென்றன. எதிரணிகள் அவரை விட்டுவிட்டு வளையத்தின் அடியில் கூடிக்கொண்டன. எனவே தேவை நட்சத்திரம் அல்ல, தொலைவிலிருந்து எறியத் தெரிந்த அனுபவசாலிகள் என்பது தெளிவாயிற்று.

மூன்றாம் படி: லாட்டரியை நம்பித் திட்டமிடாதீர்கள்

கடைசி இடம் பிடித்தால் டிராஃப்டில் முதல் ஆள் கிடைப்பார் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அது உறுதியில்லை; பிளேஆஃபுக்குச் செல்லாத 14 அணிகளுக்கும் இடையே லாட்டரி எனப்படும் குலுக்கல் நடக்கிறது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுக்கும்போது 1,001 சேர்க்கைகள் உருவாகும். அவற்றில் ஒன்றை விட்டுவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுவார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதலிட வாய்ப்பு ஒரே அளவாக, தலா 14 விழுக்காடுதான்; குலுக்கலும் முதல் நான்கு இடங்களுக்கு மட்டுமே. ஆகவே கடைசி இடம் பிடித்த அணி ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்படும் வாய்ப்பு 47.9 விழுக்காடு, ஏறத்தாழ நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். டெட்ராய்ட் 2023இலும் 2024இலும் லீக்கின் கடைசி அணியாக நின்று, இரண்டு முறையும் ஐந்தாம் இடத்துக்கே தள்ளப்பட்டது. 2024இல் முதலிடம், 3 விழுக்காடு வாய்ப்பே இருந்த அட்லாண்டாவுக்குப் போயிற்று. இதைச் சதி என்று கொதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கைப் போட்டிருந்தால் அவர்கள் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

நான்காம் படி: தேர்வுரிமையின் நிபந்தனைகளை வாசியுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான், எனவே இங்கே சற்று நின்று பார்ப்போம். டிராஃப்டில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அணிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கைமாற்றிக்கொள்ளலாம். அப்படிக் கொடுக்கும்போது, 'எங்கள் இடம் இத்தனைக்குள் வந்தால் இந்த ஆண்டு கொடுக்க மாட்டோம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று ஒரு பாதுகாப்பு நிபந்தனையையும் சேர்ப்பது வழக்கம்.

2020இல் ஐசேயா ஸ்டூவர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டி, டெட்ராய்ட் தன் வருங்கால முதல் சுற்று உரிமை ஒன்றை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. ஹூஸ்டன் அதை அடுத்த ஆண்டு ஓக்லஹோமா சிட்டிக்கும், ஓக்லஹோமா சிட்டி 2022இல் நியூயார்க்குக்கும், நியூயார்க் 2024 இலையுதிர்காலத்தில் கார்ல் ஆண்டனி டவுன்ஸை வாங்கியபோது மின்னசோட்டாவுக்கும் மாற்றிவிட்டன. கைமாறிக் கைமாறி ஊர் ஊராகச் சென்ற அந்தக் கடன் பத்திரத்தின் நிபந்தனை படிப்படியாகத் தளர்ந்துகொண்டே வந்தது: 2023, 2024 ஆண்டுகளில் முதல் 18 இடங்கள் வரை டெட்ராய்டுக்குப் பாதுகாப்பு, 2025இல் 13 வரை, 2026இல் 11 வரை, 2027இல் 9 வரை. தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் உரிமை டெட்ராய்டிடமே தங்கியது. 2025இல் அணி தலைநிமிர்ந்ததும் 17ஆம் இடத்தில் அமர்ந்த அந்த உரிமை மின்னசோட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளில் முதல் சுற்று உரிமையே இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது என்று என்பிஏவில் ஒரு விதி உண்டு. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் தம் உரிமைகளை வாரி இறைத்ததால் பிறந்த விதி என்பதால், அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கொடுக்க வேண்டிய ஒரு உரிமை எந்த ஆண்டில் போகும் என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தால், அதையொட்டிய ஆண்டுகளின் உரிமைகளையும் தாராளமாகப் பேரம் பேச முடியாது. ஆகவே 2024 கோடையில் 'மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கிவிடலாம்' என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த நட்சத்திரம் யார் என்று கேட்பதற்கு முன் எந்த மூன்று ஆண்டுகள் என்று கேட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எதிரணியின் நாற்காலியில் அமருங்கள்

ரசிகர்கள் முன்மொழியும் பரிமாற்றங்களில் பெரும்பாலானவை நமக்கு வேண்டாதவர்களைக் கொடுத்து அவர்களுக்கு வேண்டியவரைக் கேட்பவை. ஒவ்வொரு யோசனைக்கும் கீழே, 'மறுபக்கம் இதற்கு ஏன் சம்மதிக்கும்?' என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதுங்கள்; எழுத வராவிட்டால் அந்த யோசனையை அடித்துவிடுங்கள். வரம்பைத் தாண்டிய அணிகள் பரிமாற்றத்தில் ஏறக்குறைய ஈடான சம்பளத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதையும், இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் உள்ள அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

டெட்ராய்டின் புதிய தலைவர் ட்ரஜன் லாங்டன் அந்தக் கோடையில் செய்தவை இந்தப் படிக்கு நல்ல எடுத்துக்காட்டுகள். கிளே தாம்சனை வரவழைக்க விரும்பிய டல்லஸ், தன் சம்பளச் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது. சுமார் 1.62 கோடி டாலர் சம்பளம் பெற்ற டிம் ஹார்டவே ஜூனியரை டெட்ராய்ட் ஏற்றுக்கொண்டு, அவரோடு மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளையும் கூலியாக வாங்கிக்கொண்டது. பதிலுக்குக் கொடுத்தது குவென்டின் கிரைம்ஸை. வரிச்சுமையில் தவித்த மின்னசோட்டாவிடமிருந்து வெண்டல் மூர் ஜூனியரை ஏற்றுக்கொண்டதற்காக, டிராஃப்டில் 53ஆம் இடத்தைக் கொடுத்து 37ஆம் இடத்தைப் பெற்றது. உச்சவரம்புக்குக் கீழே காலியிடம் இருப்பதே ஒரு சரக்கு என்பது முதல் படியில் எழுதிய தாளிலிருந்து தெரிய வருவது இப்படித்தான்.

மீதிப் பணத்தில் டோபியாஸ் ஹாரிஸுக்கு இரண்டாண்டுகளுக்கு 5.2 கோடி டாலரும், மாலிக் பீஸ்லிக்கு ஓராண்டுக்கு 60 லட்சம் டாலரும் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய மே மாதத்தில்தான், பிலடெல்பியா அணி நியூயார்க்கிடம் தோற்று வெளியேறிய ஆட்டத்தில் ஹாரிஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த நினைவு பசுமையாக இருந்ததால், ஒப்பந்தச் செய்தியைப் படித்ததும் நான் 'வீண்செலவு' என்று எழுதிவைத்தேன். ஒப்பந்தம் குறுகியது என்பதையும், கன்னிங்ஹாமின் பெரிய சம்பளம் தொடங்கிய பிறகு ஒரே ஆண்டில் அது தானாக விலகிவிடும் என்பதையும் கவனித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். என் முறையை நானே மீறிப் பெயரை முதலில் பார்த்ததன் விளைவு அது.

ஆறாம் படி: டிராஃப்டில் வயதைப் பாருங்கள்

ஐந்தாம் இடத்தில் டெட்ராய்ட் எடுத்தது, என்பிஏவின் துணை லீக்கான ஜி லீக்கில் இக்னைட் அணிக்காக ஆடிய ரான் ஹோலண்டை. தொலைவிலிருந்து எறியத் தெரிந்தவர்களைத் தேடிய ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தின் டால்டன் நெக்ட் அவர்களுடைய விருப்பமாக இருந்தார். அவர்களுடைய ஆதங்கத்தில் நியாயம் உண்டு, ஏனெனில் எறியத் தெரியாத ஆசர் தாம்சனுக்குப் பக்கத்தில் இன்னொருவரை அதே குறையோடு நிறுத்துவது வில்லங்கம்தான். ஆனால் அன்று நெக்டுக்கு வயது 23, ஹோலண்டுக்கு 18. முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் ஒப்பந்தம் நான்கு பருவங்கள் வரை நீளக்கூடியது. இந்த ஆண்டுக் குறையை நிரப்ப நான்காண்டு முதலீட்டைப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. உடனடிக் குறையை ஓராண்டு ஒப்பந்தங்களால் அடைத்துவிட்டு, டிராஃப்டில் அதிகம் வளரக்கூடியவரை எடுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. நெக்ட் 17ஆம் இடம் வரை தள்ளப்பட்டார் என்பதால், மற்ற அணிகளும் அவருடைய வயதைக் கணக்கில் எடுத்திருக்கலாம்.

ஏழாம் படி: தேதியிட்டு எழுதி, ஓராண்டு கழித்துத் திருத்துங்கள்

ஒவ்வொரு தீர்ப்பையும் காரணத்தோடும் தேதியோடும் எழுதிவையுங்கள். 2024-25 பருவத்தில் டெட்ராய்ட் 44 ஆட்டங்களில் வென்றது. முந்தைய ஆண்டின் வெற்றிகளை மும்மடங்குக்கு மேல் பெருக்கிய அணி என்பிஏ வரலாற்றில் அதற்கு முன் இல்லை. பீஸ்லி 319 மூன்று புள்ளி வீச்சுகளை வளையத்துக்குள் செலுத்தினார். அந்தப் பருவத்தில் அவரைவிட ஒன்று கூடுதலாகச் செலுத்திய ஆண்டனி எட்வர்ட்ஸ் மட்டுமே அவருக்கு முன்னால் இருந்தார். பிளேஆஃபில் நியூயார்க்கிடம் 4-2 என்று தோற்றாலும், 2008இலிருந்து தொடர்ந்த 15 பிளேஆஃப் தோல்விகளின் வரிசை அங்கே முறிந்தது.

என் குறிப்பேட்டில் ஹாரிஸின் பக்கத்தைத் திருத்திவிட்டேன். ஹார்டவே பரிமாற்றத்துக்கு நான் கொடுத்த முழு மதிப்பெண்ணையும் குறைக்க வேண்டியதாயிற்று. அப்போது நான் பொருட்படுத்தாத கிரைம்ஸ், 2025 பிப்ரவரியில் டல்லஸிலிருந்து பிலடெல்பியாவுக்குப் போய்ப் புள்ளிகளைக் குவித்தார். ஹோலண்டின் பக்கத்தில் மட்டும் தீர்ப்பு எழுதவில்லை. முதல் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி வீச்சு கால்வாசிகூடத் தேறவில்லை, அதே சமயம் அவருடைய தடுப்பாட்டத்தை நம்பி அணி அவரைத் தொடர்ந்து களமிறக்கியது. புதுமுக ஒப்பந்தம் 2028 வரை நீளக்கூடும் என்பதால், அந்தப் பக்கத்தில் நான்கு வரிகளுக்கு இடம் விட்டு, முதல் வரியை மட்டும் நிரப்பியிருக்கிறேன்.