முடி உதிர்வு மாத்திரை எடுப்பவர் உணவை எப்படி ஒழுங்கு செய்துகொள்வது?

முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டெரைடு எடுக்கத் தொடங்கும் ஆண்கள் முதலில் கேட்பது, எதைச் சாப்பிட்டால் பக்கவிளைவு வராது என்பதுதான். அப்படி ஓர் உணவு இல்லை. ஆனால் ஹார்மோன்களின் பொதுநிலையும், சில மருந்துகளால் வரும் தொல்லைகளும் உணவால் கூடவும் குறையவும் செய்யும். அது எந்த அளவுக்கு என்று தெரிந்துகொண்டால் வீண் பத்தியமும் வீண் பயமும் இல்லாமல் இருக்கலாம்.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, டி.எச்.டி. (டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன்) என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுவது 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி. மரபுவழியாக வழுக்கை விழும் இயல்புள்ளவர்களின் மயிர்க்கால்களை இந்த டி.எச்.டி. சிறுகச்சிறுகச் சுருக்கிவிடுகிறது. டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற ஊரில் இந்நொதி பிறவியிலேயே குறைந்திருந்தவர்களைப் பற்றி 1974இல் வெளிவந்த ஆய்வுதான் இந்நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைடு போன்ற மருந்துக்கு வழிகாட்டியது. தினம் 1 மி.கி. ஃபினாஸ்டெரைடு இரத்தத்தில் உள்ள டி.எச்.டி.யை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைத்துவிடும். பூசணி விதையோ பச்சைத் தேநீரோ அந்த வேலையைச் செய்யும் என்று நம்பி மருந்தைக் கைவிடுவது ஏமாற்றத்தில்தான் முடியும்.

மாற்றப்படாமல் நிற்கும் டெஸ்டோஸ்டிரோன் சற்று உயர்கிறது. அதில் ஒரு பகுதி கொழுப்புத் திசுவில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. சிலருக்கு மார்பில் வலியோ வீக்கமோ வருவதற்கு இந்தச் சமநிலை மாற்றமே காரணமாகக் கருதப்படுகிறது. எனவே தொப்பையைக் குறைப்பதும் மதுவைத் தவிர்ப்பதும் ஹார்மோன் நோக்கில் பொருளுள்ள முயற்சிகள். சோயாவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வழக்கமான அளவில் அது ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, முதல் மாத்திரைக்கு முன் இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேட்டில் எடை, இடுப்புச் சுற்றளவு, உறக்கம், மனநிலை, பாலுறவு நாட்டம் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். இத்தாலியில் 2007இல் வெளியான ஆய்வொன்றில், புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக 5 மி.கி. ஃபினாஸ்டெரைடு எடுத்தவர்களில் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதத்தினரும், சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதத்தினரும் அத்தொல்லைகளைத் தெரிவித்தனர். இதை வைத்து எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடக் கூடாது. மருந்தை நிறுத்திய பிறகும் தொல்லை தொடர்வதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் உறுதிசெய்தது. மனம் சோர்ந்து இருண்டால் உணவில் மாற்றுவழி தேடாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை தொடங்கும் அதே வாரத்தில் பட்டினி கிடந்து எடை குறைக்கும் முயற்சியைத் தொடங்கிவிடாதீர்கள். நான் பார்த்தவரை இதுதான் அதிகம் நடக்கும் தவறு. உணவைக் கடுமையாகக் குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும். டெஸ்டோஸ்டிரோனும் தாழ்ந்து நாட்டமும் மங்கும். பழியோ மருந்தின் மேல் விழும். எடையை மெதுவாகக் குறைத்து, ஒவ்வொரு வேளையும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என ஏதேனும் ஒரு புரதத்தைத் தட்டில் வைத்துக்கொள்வது போதும். சாப்பிட்ட வாயோடு தேநீர் குடிக்கும் பழக்கம் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைக் குறைப்பதால், அதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, கீரைக்கு எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம். ஃபினாஸ்டெரைடை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம், சாப்பிட்ட பின்னும் எடுக்கலாம்.

வேறு மருந்தென்றால் கணக்கு மாறும். மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. அதை வாய்வழியாக எடுப்பவர்களின் உடலில் நீர் தேங்கலாம். மாலையில் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலில் முன்பில்லாத ஆழத்துக்குத் தடம் பதிந்திருந்தால், ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெண்களுக்குச் சில வேளைகளில் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைப்பது. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும், சிலவகை இரத்த அழுத்த மருந்துகள் எடுப்பவர்களும் இதோடு பொட்டாசியம் நிறைந்த இளநீரை நாள்தோறும் குடிப்பது ஆபத்தாகலாம். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும் என்பதால், அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படித்துப் பார்க்க வேண்டும்.

முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் பெருமளவில் இருக்கும். அது சில இரத்தப் பரிசோதனைகளைக் குழப்பி, தைராய்டு நன்றாக இருப்பவருக்கும் அது மிகையாகச் சுரப்பதுபோல் முடிவு காட்டக்கூடும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஃபினாஸ்டெரைடு, புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆகவே ஐம்பது வயதைக் கடந்தவர் அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரையின் பெயரையும், எத்தனை மாதமாக எடுக்கிறார் என்பதையும் பரிசோதனைச் சீட்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.