அப்பாவின் மாத்திரையும் தினசரிக் காலண்டரும்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, அப்பாவுக்கு 1978-இல் வாங்கிய முதல் சம்பளம் நினைவிருக்கிறது. காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டது நினைவில் நிற்பதில்லை. ஒருநாள் இரண்டு முறை போட்டுவிட்டுத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

நான் செய்த தவறு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கேள்வி கேட்டது. "மாத்திரை டப்பா எங்கே, சொல்லுங்கள் பார்ப்போம்?" "ஃபிரிட்ஜில்" என்பார். மறுநாளும் ஃபிரிட்ஜ்தான். நான் திருத்தியது மறந்துபோகும். அவர் வாயால் சொன்ன தவறு மட்டும் ஒட்டிக்கொள்ளும். நினைவாற்றல் பாதிக்கப்பட்டவர்களை ஊகிக்க விடக்கூடாது என்று மறுவாழ்வுப் பயிற்சியாளர்தான் விளக்கினார். உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்களாம்.

முறையை மாற்றினேன். "டப்பா காலண்டருக்குக் கீழே" என்று பதிலை முதலில் நானே சொல்வேன். உடனே கேட்பேன். பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டுவேன். தடுமாறினால் காத்திருக்காமல் பதிலைச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்புவேன். அலுப்பான வேலை, மூன்று வாரம் ஆனது.

போட்டாயிற்றா என்று அறியத் தினசரிக் காலண்டர். மாத்திரையை விழுங்கியதும் நேற்றைய தாளைக் கிழிக்க வேண்டும். செய்தித்தாளின் தேதியும் காலண்டர் தேதியும் ஒன்றாக இருந்தால், போட்டாயிற்று.

ஒருநாள் விடிந்ததும் அம்மா பழக்கதோஷத்தில் தாளைக் கிழித்து ராசிபலன் பார்த்துவிட்டார். அன்று அப்பா மாத்திரையே போடவில்லை. இப்போது அம்மாவுக்கு அடுக்களையில் தனிக் காலண்டர்.