வாட்ச் பேட்டரியை வீட்டிலேயே மாற்றலாம்

விநாடி முள் 2 அல்லது 4 நொடிக்கு ஒருமுறை குதிக்கிறதா? பல குவார்ட்ஸ் வாட்சுகளில் பேட்டரி தீரப்போவதற்கான அடையாளம் அது.

அழுத்தி மூடும் வகைப் பின்மூடி என்றால், விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். மழுங்கிய கத்தி முனையை அங்கே வைத்து மெல்லத் திருப்பினால் மூடி எழும்பிவிடும். (கூர்கத்தி வேண்டாம், என் கட்டைவிரல் தழும்பே சாட்சி.) திருகு மூடியோ, தண்ணீர் புகாத வாட்சோ என்றால் கடைக்கே கொடுத்துவிடுங்கள்.

பழைய பேட்டரியில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். 377 என்பதும் எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்பதும் ஒன்றுதான், சில்வர் ஆக்சைடு வகை. அதே அளவில் மலிவாகக் கிடைக்கும் எல்ஆர்626 ஆல்கலைன் வகை. சில்வர் ஆக்சைடு அளவுக்கு நாள் வராது, உள்ளே ஒழுகினால் மெஷினே போச்சு.

கழற்றவும் மாட்டவும் பிளாஸ்டிக் இடுக்கி நல்லது. பக்கத்திலேயே செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். முடியைவிட மெல்லிய கம்பி, கீறல் பட்டு அறுந்தால் புது பேட்டரி போட்டும் ஓடாது.

அப்புறம், ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியை அழுத்துங்கள். மூடியில் உள்ள வெட்டு, நேரம் திருத்தும் சாவியின் தண்டுக்கு நேராக வரவேண்டும். கழற்றிய பேட்டரியை மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.